ஊறாத கால்கள்

அன்று மாலை டெய்லரம்மாவுக்குக் கால் ஊறவில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கினால் தவறாமல் வந்துவிடும் அது. முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள்ளேயே எறும்புக் கூட்டம் இறங்கி நடக்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. உதறினால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி ஊறும். எழுந்து நாலு எட்டு நடந்தால் போய்விடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நடக்கத்தான் முடியாதே! நரம்பின் மேலுறையை அரிக்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அவளுடைய இரண்டு கால்களையும் மரக்கட்டையாக்கி ஒரு வருடம் ஆகிவிட்டது. கிள்ளினால் தெரியாது, சுடுதண்ணீர் பட்டால் தெரியாது, ஊறுவது மட்டும் துல்லியமாகத் தெரியும். "இந்த நோய் இருக்கிறவங்களுக்கு இந்தத் தொந்தரவும் சேர்ந்து வர்றது சகஜம்தாம்மா" என்றார் டாக்டர். சகஜமாம். ஊறுவது அவர் காலா என்ன?

இன்றைக்கு அது வரவில்லை. வராதது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தினமும் வந்து உயிரை வாங்குகிற சொந்தக்காரர் ஒருநாள் வராவிட்டால் என்ன ஆயிற்றோ என்று தோன்றுமே, அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. கட்டிலில் கண்ணை மூடிக் காத்திருந்தாள். ஜன்னலில் மழை சலசலத்தது. முன்னறையிலிருந்து இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் புதுத் துணியின் கஞ்சி வாசனையும் மிஷின் எண்ணெயும் கலந்து கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தன. கூடவே தையல் மிஷின் ஓடும் சத்தம்.

முன்னறைதான் அவர்களுடைய கடை. இடது கைக்காரப் புருஷன் வெட்டுவான், இவள் தைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. இவள் படுத்த பிறகு, பள்ளிச் சீருடை ஆர்டர் மலையாகக் குவிந்தபோது, அவன் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னான்: "உன் இடத்துல இன்னொரு ஆளை உட்கார வைக்க மனசு வரல கண்ணு. உன் மிஷினுக்கு மோட்டார் போட்டுடுறேன்." அன்றைக்கு அழுதுவிட்டாள். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று மனம் குளிர்ந்துபோனாள். ராத்திரியில் கால் பிடித்துவிடுவதும் அவன்தான், மாத்திரை கொடுப்பதும் அவன்தான்.

மோட்டார் என்றால் உறுமும். ஒரே மூச்சாக ஓடி, ஒரே வெட்டாக நிற்கும். இது உறுமவில்லை. கடக், கடக் என்று மிதிப்பலகை ஏறி இறங்குகிற சத்தம். தையல் முடிகிற இடத்தில் வலது குதிகால் மட்டும் ஒரு அரை மிதி கூடுதலாக அழுத்தி நிறுத்தியது.

அந்த அரை மிதி அவளுடையது. எத்தனையோ தடவை அவன் கேலி செய்திருக்கிறான், "உன் கால் கடைசியில ஒரு நொண்டி அடிக்குது பார்" என்று. ஊரில் ஆயிரம் தையல்காரர்கள் இருக்கலாம், அந்த நொண்டி இவள் ஒருத்திக்குத்தான்.

முதலில் வந்தது பயமில்லை, வயிற்றெரிச்சல். எவளையோ கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறான். என் மிஷினில். என்னைப் போலவே மிதிக்கவும் பழக்கியிருக்கிறான்.

"என்னங்க, மிஷின்ல யாரு?"

சத்தம் நின்றது.

"யாருமில்ல கண்ணு. மோட்டார்தான். மாத்திரையைப் போட்டுட்டுப் படு."

பிறகு, இவளுக்கென்று சொல்லாத தணிந்த குரலில், "நீ மிதிம்மா. அவ தூங்கிடுவா."

கடக். கடக்.

அந்தக் கொஞ்சலைக் கேட்டதும் அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எழுந்து உட்கார்ந்தாள். கட்டிலை விட்டு இறங்குவதற்குக் காலை அவளே இரண்டு கையாலும் தூக்கி வைக்க வேண்டும், ஈர மூட்டையாகக் கனக்கும். குனிந்து கெண்டைக்காலைப் பிடித்துத் தம் கட்டித் தூக்கினாள்.

லேசாக வந்தது.

அழுத்திப் பார்த்தாள். விரல்கள் உள்ளே போயின. எலும்பு தட்டவில்லை.

போர்வையை விலக்கி, நைட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றினாள். முட்டியைச் சுற்றி வட்டமாக ஒரு தையல். எவ்வளவு நெருக்கமான ஹெம்மிங், ஒரு சுருக்கம்கூட இல்லையே என்றுதான் அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது. தொழில் புத்தி எங்கே போகும்? அடுத்த நொடிதான் தையலின் சாய்வைப் பார்த்தாள். எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. இடது கைக்காரனின் தையல்.

தோல் நிறப் பாப்ளின் துணி. விரல்களுக்கு நகமாகச் சின்னச் சட்டைப் பொத்தான்கள். ஓரிடத்தில் நூல் விட்டு, உள்ளேயிருந்து நீலச் சீருடையின் வெட்டுத்துணி எட்டிப் பார்த்தது.

தரையில் விழுந்தாள். முழங்கையை ஊன்றி நகர்ந்தாள். பின்னால் துணி தரையைக் கூட்டிக்கொண்டே வந்தது. கதவு. இடுக்கு. வெளிச்சம்.

முக்காலியில் யாரும் இல்லை. புருஷன் நின்றபடி ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளிக்கொண்டிருந்தான். மிஷினுக்கு அடியில், மிதிப்பலகை மேல், இரண்டு கால்கள். முழங்காலோடு முடிந்து, வாய் மடித்துத் தைத்த கால்கள். வலது புறங்காலில், என்றோ இஸ்திரிப் பெட்டி அவளைச் சுட்ட தழும்பு.

"அது என் காலுங்க."

அவன் திடுக்கிடவில்லை. திருட்டுத்தனமாகத் தின்று மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல் அசடு வழிந்தான். பிறகு குனிந்து, துண்டால் அந்தக் கால்களின் வேர்வையை ஒற்றியெடுத்தான்.

"உன்கிட்ட இருந்தப்ப எப்படித் துடிச்சுதுங்கன்னு உனக்கே தெரியும். இங்க பாரு, எவ்வளவு நிம்மதியா இருக்குதுங்க."

"பாவி! உங்களைத்தானே நம்பினேன். குடுத்துடுங்க."

"நான் என்ன பிடிச்சா வெச்சிருக்கேன்? கூப்பிடு. வந்தா கூட்டிட்டுப் போ."

அவள் கூப்பிட்டாள். தன் காலை என்ன சொல்லிக் கூப்பிடுவது? "வா" என்றாள். "வாங்க" என்றாள். "உங்களுக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

கால்கள் நின்றன. கட்டைவிரல்கள் இரண்டும் மெல்ல நிமிர்ந்து அவள் பக்கம் திரும்பின. அவளை நன்றாகப் பார்ப்பது போல் அசையாமல் இருந்தன.

பிறகு திரும்பி, பலகையில் பதிந்து, மிதிக்கத் தொடங்கின.