நாலரை விரல்

“எங்க அக்காவுக்கு இன்னைக்கு நானே சூடு வைக்கிறேன், டாக்டர்.”

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் படுத்திருக்கும்போது கருவியைத் தொடக் கூடாது, தொடட்டுமா என்று கேட்கவும் கூடாது. அவள் கேட்டுவிட்டாள். பெரிய டாக்டர் பேனாவை மூடிவைத்து நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன், சீனியர் டெக்னீஷியன் சரியா பண்ணலையா?”

“அக்கா நெஞ்சுல ஒரு சிவப்பு இருக்கு டாக்டர். ரெக்கார்டுல பார்த்தா ஒரு தடவைகூட நாப்பத்திரெண்டு டிகிரிய தாண்டல. தாண்டாம எப்படிச் சுடும்?”

“கதிர்வீச்சும் கொடுக்கிறோம், மேல சூடும் கொடுக்கிறோம். சிவக்காம என்ன செய்யும்? கட்டி பாதி கரைஞ்சிருக்கு, அத நீ பேசமாட்டே. அறுத்து எடுத்த இடத்துலயே மறுபடி வந்திருக்கு. வெறும் கதிர் இந்தத் தடவ போதாது. சூடு பட்டாத்தான் மசியும்.” கொஞ்சம் நிறுத்தினார். “சீனியர் லீவு. அதனால சரிங்கிறேன். தோல்ல உணர்ச்சி இருக்கான்னு பார்த்துட்டு ஆரம்பி. மரத்துப்போயிருந்தா சூடு கிடையாது. வெந்தாலும் அவங்களுக்குத் தெரியாது. அதுல தாட்சண்யமே பார்க்காத.”

தலையாட்டினாள். அந்தச் சிவப்புக்கு விரல்கள் இருந்தன என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. நேற்று அக்காவுக்கு ரவிக்கை மாற்றிவிடும்போது எண்ணிப் பார்த்திருந்தாள். நாலரை.

அம்மாவின் வலது கைக்கும் நாலரைதான். மோதிர விரலில் பாதியை அட்டைப்பெட்டி கம்பெனியின் வெட்டு மெஷின் எடுத்துக்கொண்டது. அந்தக் கை செத்து இரண்டு வருஷமாகிறது.

சூட்டறை கீழ்த்தளத்தில் இருந்தது. வெளியே சாயங்கால வெயில் இருக்கிறதா இல்லையா என்று அங்கே யாருக்கும் தெரியாது. சுவர் முழுக்கச் செம்புக் கம்பிவலை பதித்த அந்தச் சின்ன அறையில் ரப்பரும் மருந்து சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கலந்த ஒரு வாசனை எப்போதும் அடைந்துகிடக்கும். கட்டிலுக்கு மேலே நீண்டிருந்த இரும்புக் கையின் நுனியில் சதுரத் தலையும், அதன் அடியில் தலையணை அளவுக்கு ஒரு தண்ணீர்ப் பையும் தொங்கின. தண்ணீரைச் சுற்றவிடும் பம்பு, தூங்குகிற ஆள் மூச்சு விடுவதைப் போல விட்டு விட்டு முனகியது.

மேலே கதிர் வாங்கிக்கொண்டு அக்கா இறங்கி வந்தாள்.

“அட, இன்னைக்கு டிகிரி மேடமே வந்திருக்காங்க! வறுக்கிறது நீயா?”

“கண்ண மூடு. வாய மூடு.”

“ரெண்டையும் மூடிட்டா பதில் எப்படிடி சொல்றது?”

இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர். தழும்பின் ஓரத்தில் வைத்தாள். “சூடு,” என்றாள் அக்கா. அடுத்தது. “ஜில்லு.” “சூடு.” “ஜில்லு.” சீனியரும் இப்படித்தான் மாற்றி மாற்றி வைப்பார். ஐந்தாவது முறை அவள் குழாயைத் தோலுக்கு நாலு அங்குலம் மேலே, காற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சூடு,” என்றாள் அக்கா.

பம்பு ஒருமுறை மூச்சு விட்டது.

“எத்தனை நாளா ஏமாத்துற?”

அக்கா கண்ணைத் திறந்தாள். காற்றில் நின்ற குழாயைப் பார்த்தாள். முகத்தில் குற்றவுணர்ச்சி எதுவும் இல்லை. பதுக்கிவைத்த தின்பண்டத்தைப் பார்த்துவிட்டார்களே என்கிற முகம்.

“சொல்லிடாதடி. சொன்னா நிறுத்திடுவாங்க.”

“வெந்துடுவே, புரியுதா?”

“அம்மா வருதுடி.”

அக்கா மேலே தொங்கிய பையைக் காட்டினாள்.

“அந்தப் பைக்குள்ள. ஒரு மணி நேரமும் கைய எடுக்கிறதே இல்ல. மரத்துப்போன நெஞ்சுல எனக்கு வேற எதுவுமே தெரியல. அம்மா கை மட்டும் தெரியுது.”

முதலில் வந்தது பயம் இல்லை. ஏன் அக்காவுக்கு மட்டும்? அதுதான் வந்தது. ஒரே அறையில் மூன்று பேர் வரிசையாகப் படுத்த வீடு. அம்மா நடுவில். கை அக்கா மேல், முதுகு இவள் பக்கம். பன்னிரண்டு வருஷம் அந்த முதுகைப் பார்த்துப் பார்த்தே தூங்கியவள். ஒட்டிக்கொண்டு போனால் முதுகுப் பக்கமாக ஒரு கை வந்து நெஞ்சில் தள்ளும். தள்ளிப் படுடி, புழுக்கமா இருக்கு. “அக்கா உனக்காகப் படிப்பை விட்டவ” என்று ஊரே சொன்னது. அம்மாவும் சொன்னாள். காலேஜில் இடம் கிடைத்தபோது, குடும்பத்தில் முதல் பட்டம் என்று எல்லோரும் வாழ்த்தினார்கள், அம்மாவைத் தவிர. கடைசித் தேர்வு எழுதிவிட்டு இவள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது அம்மாவின் கை அக்காவின் கைக்குள் ஆறிப்போயிருந்தது.

செத்த பிறகுமா?

விதிப்படி அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது. வெப்பம் அளக்கும் நாலு கம்பிகளைத் தோலில் ஒட்டினாள். அழைப்பு மணியின் பொத்தானை அக்கா கையில் கொடுத்தாள். தண்ணீர்ப் பையை நெஞ்சின்மேல் இறக்கிவிட்டு வெளியே வந்து, வலை பதித்த கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து கருவியின் சுவிட்சைத் தட்டினாள்.

முப்பத்தெட்டு. நாற்பது. நாற்பத்தொன்று. எண்கள் ஒழுங்காக ஏறி, ஏற வேண்டிய இடத்தில் நின்றன. பத்து நிமிடம் போனது. ரப்பர் வாசனைக்குள் இன்னொரு வாசனை மெதுவாக நுழைந்தது. புது அட்டை. பசை. வேலை முடிந்து வந்து அம்மா சேலையை உதறும்போது வீட்டை நிறைக்கும் வாசனை.

உள்ளே அக்காவின் உதடுகள் அசைந்தன. சிரித்தாள். யாரோ ஏதோ கேட்க, அதற்குப் பதில் சொல்லும் சிரிப்பு.

பையில் ஒரு பள்ளம் விழுந்தது.

பிறகு பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. தண்ணீருக்குள்ளிருந்து ஏதோ கீழே அழுத்திக்கொண்டிருந்தது. விரித்த கை. ஒரு விரல் பாதியில் நின்றது.

திரையில் நாற்பத்திரண்டு.

பையின் ஓரத்தில் ஆவி.

அவள் நிறுத்தினாள். எண்கள் இறங்கவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தாள். பம்பு நின்றது. மூச்சு நிற்கவில்லை.

ஓடிப்போய்ப் பையைத் தூக்கினாள். அக்காவின் நெஞ்சில் நாலரை விரல், இப்போது சிவப்பு இல்லை, கொப்புளம்.

“ஏன்டி எடுத்தே?” அக்கா அழுதாள். வலியில் இல்லை. “இப்பதான்டி தட்டிக்கொடுக்க ஆரம்பிச்சுது. ஏன்டி எடுத்தே?”

நர்ஸைக் கூப்பிட்டு, மருந்து போட அக்காவை மேலே அனுப்பினாள். வாசலில் அக்கா திரும்பி, “வெள்ளிக்கிழமை சூட்டுக்கு சீனியர் வந்துடுவாருல்ல?” என்று கேட்டாள். அவருக்குக் குழாய்களை மாற்றி மாற்றி வைக்க மட்டும்தான் தெரியும்.

கதவு மூடியது.

அவள் கட்டிலில் ஏறிப் படுத்தாள். அணைந்த கருவியை இழுத்துப் பையைத் தன் நெஞ்சில் இறக்கினாள். வெதுவெதுப்பு. கண்ணை மூடினாள்.

“அம்மா. எனக்கும்.”

தண்ணீர் அசைந்தது. ஒரு விரல். இரண்டு. உள்ளங்கை. முழுக் கையும் நெஞ்சில் பதிந்தது.

கை தள்ளியது.

கோபமில்லாத, தூக்கக் கலக்கத்துத் தள்ளல். மறுபடி. மறுபடி. அவள் கட்டிலின் விளிம்புக்குப் போகும்வரை. பை முழுக்கப் பனிக்கட்டி போலச் சில்லிட்டிருந்தது.

எழுந்தாள். முகத்தைத் துடைக்கவில்லை. அக்காவின் கோப்பைத் திறந்து நிதானமாக எழுதினாள்: தோலில் உணர்ச்சி இல்லை. தீக்கொப்புளம். வெப்ப சிகிச்சைக்குத் தகுதியில்லை. உடனே நிறுத்தவும். கையெழுத்துப் போட்டாள். எழுதியது அத்தனையும் உண்மை. எந்த டாக்டரும் இதைத்தான் எழுதுவார். வெறும் கதிர் போதாது என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினாள்.

கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள்.

சூட்டறையின் அழைப்பு மணி அடித்தது.

ஒருமுறை திரும்பி வலை ஜன்னல் வழியே பார்த்தாள். கருவி இருட்டாகத்தான் இருந்தது. தண்ணீர்ப் பை கட்டில்வரை தொங்கி இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து முழங்கைவரை நீண்ட ஒன்று காலிப் படுக்கையைத் தடவிக்கொண்டிருந்தது. தலையணையை. விளிம்பை. இருட்டில் பிள்ளை எங்கே புரண்டுபோனது என்று தேடுகிற தடவல். அது பட்ட இடத்துத் துணி பழுப்பேறிக் கருகியது.

தடவல் நின்றது. நாலரை விரலும் மெல்ல நிமிர்ந்து, கதவின் பக்கம் திரும்பின.

அவள் படியேறினாள். மணி விடாமல் அடித்தது. கோப்பு இடுக்கியிருந்த இடத்தில் விலா விரல் விரலாகச் சுட்டது. இன்னும் இறுக்கிக்கொண்டாள்.