மூணாவது தபா

நம்பறதா இருந்தா கேளு நைனா, இல்லாட்டி எழுந்து போய்க்கினே இரு. நான் ஒண்ணும் கதை விட்டுப் பொழைக்கிறவ இல்ல.

ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு பட்டணமே காலியாச்சே, அந்த வருஷம். ஈஸ்டர் முடிஞ்ச வாரம். சாந்தோம்ல நான் பாத்திரம் தேய்க்கிற தெருவுல ரெண்டே நாள்ல எல்லா வூட்லயும் பூட்டு. வால்டர் சார் இஸ்கோல் வாத்தியார். அவரும் கிளாடிஸ் அம்மாவும் புள்ளைங்களும் வெள்ளிக்கெழம ரயிலேறிட்டாங்க. வாசல் கேட்டு சாவிய என் கையில குடுத்து, தெனம் வந்து பெருக்கி, செடிக்குத் தண்ணி ஊத்துன்னாங்க. பெரியவரு எங்க போனாரும்மான்னு கேட்டேன். அவரு முன்னாடியே மவ கூட நாகப்பட்டணம் போய்ட்டாருன்னாங்க.

பெரியவருன்னா வால்டர் சாரோட அப்பா, சவரிமுத்து ஐயா. நல்ல மனுஷன். கடைசி வருஷம் அவரு கையில கன்னிப்போன தடத்தப் பாத்துக்கீறேன் நைனா. வுழுந்துட்டாருன்னு கிளாடிஸ் அம்மா சொன்னாங்க. வுழுந்தா மணிக்கட்டுல வளையமாவா தடம் வுழும்? கேட்டா வேல பூடும்னு வாய மூடிக்கினேன்.

சனிக்கெழம உச்சி வெயில்ல போனேன். தெருவுல காக்கா கூட இல்ல. கடல் சத்தம் மட்டும் வருது. தொடப்பத்த எடுத்துக்கினு தோட்டத்துப் பக்கம் போனா, பின்கட்டு ரூம்லேர்ந்து கூப்புடுது.

"பாஞ்சாலி..."

தொடப்பம் கையில நின்னுச்சு.

"பாஞ்சாலி..."

அப்பால ஒண்ணும் இல்ல.

எங்க ஆயா சொல்லிக் குடுத்தது இது. யாராச்சும் பேரு சொல்லிக் கூப்புட்டா, மூணு தபா கூப்புடற வரிக்கும் இன்னான்னு கேக்கக் கூடாது. மனுஷன் மூணு தபா கூப்புடுவான், பேய் ரெண்டோட நிறுத்திக்கும். பதில் குடுத்தா நம்ம உசுரு அது கூடப் பூடும். நான் எண்ணினேன். ரெண்டுதான். அந்த ரூம்லதான் போன வருஷம் வால்டர் சாரோட அம்மா செத்துப் போனாங்க. கொரலும் காஞ்சு போய், ஆம்பளயா பொம்பளயான்னே தெரியாத கொரலு. வாசல் கேட்டக் கூடப் பூட்டாம ஓடியாந்துட்டேன்.

ஞாயித்துக்கெழம கதவத் தட்டிக்கினே கூப்புட்டுச்சு. ரெண்டு தபா. கதவுக்கு அடியில மூத்திர நாத்தம் வேற. பேய்க்கு ஏதுடி மூத்திரம்னு எனிக்குத் தோணிச்சா? தோணல. நான் காதத் தீட்டிக்கினு மூணாவதுக்காகக் காத்துக்கினு இருந்தேன். சத்தியமா சொல்றேன், இன்னும் ஒரே ஒரு தபா கூப்புட்டிருந்தா பூட்ட ஒடச்சாவது தொறந்திருப்பேன்.

திங்கக்கெழம ஒரு தபாதான் கூப்புட்டுச்சு.

அப்பால கதவ நகத்தால பிராண்டற சத்தம்.

செவ்வாக்கெழம ஒரு சத்தமும் இல்ல. அதுதான் ரொம்ப பயமா இருந்துச்சு. மாதா கோயில்ல உபதேசியார் பிலிப்பு ஒருத்தர்தான் ஊர வுட்டுப் போவாம இருந்தாரு. அவரக் கூட்டியாந்தேன். பேய ஓட்டறதுக்குத்தான் கூட்டியாந்தேன் நைனா, வேற எதுக்கும் இல்ல. அவரு ஒரு கையில தீர்த்தமும் ஒரு கையில கடப்பாரையுமா வந்து, பூட்ட ஒடச்சுக் கதவத் தள்ளினாரு. கதவு பாதிதான் தொறந்துச்சு.

பெரியவரு கதவுக்குப் பின்னாடி கெடந்தாரு.

ஒடம்பு இன்னும் விறைக்கல. காலையிலதான் போயிருக்காருன்னாரு பிலிப்பு. ஒரு காலிப் பான. காஞ்ச ரொட்டித் துண்டு. மூணாவது தபா கூப்புட அந்த மனுஷனுக்குத் தொண்டையில ஈரம் இல்ல. நான் வெளிய செடிக்குத் தண்ணி ஊத்திக்கினு இருந்தேன். பேசாத, எனிக்கு சமாதானம் சொல்லாத. பூட்டினவன் பாதி கொன்னான், மீதிய நான் கொன்னேன்.

போலீஸ்ல எழுதிக் குடுத்தோம். தந்தி பாத்து வால்டர் சார் ஓடியாந்தாரு. ரயில்ல அவ்ளோ கூட்டம், நடக்க முடியாதவர எப்படித் தூக்கிக்கினு போறது, நாலு நாள்ல திரும்பிடலாம்னு நெனச்சேன்னு சொல்லித் தலையில அடிச்சிக்கினு அழுதாரு. அழுகை நெசம்தான். அத வெச்சு நான் இன்னா பண்றது?

பொதைச்ச மறுநாள் அந்தத் தெருவுல வந்துக்கினு இருந்தேன். பட்டப் பகல். நாலு வூடு தள்ளி, வில்லியம் சார் வூடு. கஸ்டம்ஸ்ல குமாஸ்தா. அங்க நான் வேல செஞ்சதே இல்ல. வாசல்ல பூட்டு தொங்குது.

உள்ளேர்ந்து கூப்புடுது.

"பாஞ்சாலி."

கால் ரெண்டும் அப்படியே நின்னுடுச்சு.

"பாஞ்சாலி."

கடல் சத்தம் கூட நின்னாப்பல இருந்துச்சு.

"பாஞ்சாலி."

மூணாவது தபா.

பெரியவரு கொரலு. நல்லா இருந்த காலத்துல காப்பி டம்ளர எடுத்துக்கினு போன்னு கூப்புடுவாரே, அதே கொரலு. முந்தின நாள்தான் அவரு பொட்டி மேல நானே மண்ணு போட்டேன். ஓடணும்னுதான் தோணிச்சு. ஆனா மூணு தபா கூப்புட்டாச்சு. இனிமே ஓடினா நான் மனுஷியே இல்ல. வரேன்யான்னு வாய் வுட்டுச் சொல்லிட்டுப் பிலிப்பக் கூட்டியார ஓடினேன். அவரு ஒடனே கடப்பாரைய எடுத்துக்கினாரு.

சமையக்கட்டுக்குப் பக்கத்து ரூம்ல, கட்டில்ல ஒரு அம்மா. வில்லியம் சாரோட தாயார், மர்சலின். எழுந்து வெளிய போய்டுவாங்கன்னு ரெண்டு கையயும் புடவக் கிழிசலால கட்டில் சட்டத்தோட கட்டிக்கீது. தலையத் திருப்பினா வாய்க்கு எட்டறாப்பல ஒரு தண்ணிப் பான, அதுவும் காலி. ஒதடு வெடிச்சுப் போய், நாக்கு மேல ஒட்டிக்கினு. பிலிப்பு கட்ட அவுத்தாரு. நான் கெணத்துத் தண்ணி இறைச்சாந்து, தலைய மடியில வெச்சு, விரலால சொட்டு சொட்டா வுட்டேன். அப்பால டம்ளர்ல குடிச்சாங்க. உசுரு திரும்பிச்சு. நான் கதறிட்டேன்.

அப்பதான் ஒறச்சுது. கட்டின கையோட இந்தம்மா வாசல் வரிக்கும் வந்திருக்க முடியாது. ஒட்டின நாக்கால கூப்புட முடியாது. என் பேரே அவங்களுக்குத் தெரியாது.

கண்ணத் தொறந்து அந்தம்மா என்னப் பாக்கல. எனிக்குப் பின்னாடி பாத்தாங்க.

"இன்னொரு டம்ளர் ஊத்தும்மா," மெதுவா சொன்னாங்க. "உன் பின்னாடி நிக்கிறாரே, அவருக்கு. காலையிலேர்ந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குத் தொண்ட வறண்டு போச்சு."

பிலிப்பு சிலுவ போட்டுக்கினாரு. ரூம்ல எங்க மூணு பேரத் தவிர யாரும் இல்ல நைனா.

நான் ஊத்தினேன். ரெண்டு கையாலயும் டம்ளரப் புடிச்சு, ஆள் வாய் ஒசரத்துக்கு நீட்டினேன். கீழ ஒரு சொட்டு சிந்தல.

டம்ளர் மெள்ள மெள்ள லேசாச்சு.

இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாய்யான்னு கேட்டேன்.