ஆக்சிலேட்டருக்கு அடங்காத தட்டல்

எஞ்சினில் எழும்பும் எந்தச் சத்தமும் ஆக்சிலேட்டருக்குக் கட்டுப்பட்டதுதான். மிதித்தால் கூடும், காலை எடுத்தால் தணியும். டாப்பட் ஆனாலும் பேரிங் ஆனாலும் அதற்கு வேறு போக்கிடம் கிடையாது. தேவதாஸ் காலையில் கொண்டுவந்து விட்டுப்போன பிக்கப் வண்டியில் கேட்ட தட்டல் மட்டும் அப்படி இல்லை. முனியன் மிதித்துப் பார்த்தான். எஞ்சின் உறுமிற்று, பின்னால் புகை கக்கிற்று, பானட்டின் தகரம் நடுங்கிற்று. அத்தனைக்கும் நடுவில் அந்தத் தட்டல் தன்பாட்டுக்கு வந்தது. தட், தட், தட். கொஞ்சம் சும்மா இருந்தது. மறுபடியும் தட், தட், தட்.

யாரோ தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பதுபோல.

முனியன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். அணைந்த பிறகும் இரண்டு தட்டு வந்து, அப்புறம் நின்றது. சூடு ஆறும்போது இரும்பு சுருங்கித் தட்டுவது வழக்கம்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு பீடியைப் பற்றவைத்தான். பற்றவைத்த கை கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே இறங்கியது.

அவனுடைய மெக்கானிக் ஷெட் கோட்டைக்குப்பம் போகும் வழியில், டச்சுக்காரன் கல்லறைச் சுவரை ஒட்டி நான்கு சவுக்குக் கம்பும் தென்னை ஓலையுமாக நின்றது. எலும்புக்கூடு செதுக்கிய அந்தக் கல்லறை வாசலில்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டைக் கட்டுவார்கள். மத்தியான வெயிலில் உப்பு ஏரிப் பக்கமிருந்து சேற்று வாடையும் கடல் பக்கமிருந்து கருவாட்டு வாடையும் மாறி மாறி வந்து, டீசல் வாடையோடு கலந்து, மூக்குக்குப் பழகிப்போய் ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிடும். இன்றைக்கு மட்டும் அந்த மூன்றையும் மீறி ஒரு ஈர வாடை, நாள்கணக்காய் மூடி வைத்த படகின் அடித்தட்டைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி ஒன்று, பானட்டுக்குள்ளிருந்து கசிந்துகொண்டே இருந்தது.

காலையில் தேவதாஸ் சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

"பழைய வண்டிதான் மச்சான், ஆனா ஓடாத வண்டி. மீட்டரப் பாரு, புதுப் பொண்ணு மாதிரி கீது. ஆரம்பாக்கத்துல தார்ப்பாயப் போத்தி அப்டியே குந்த வெச்சிருந்தேன்."

"ஓடாத வண்டிக்கு இன்னாத்துக்குடா இவ்ளோ சத்தம்?"

"அத்தக் கேக்கத்தான் உன்னாண்ட வந்தேன். சூளூர்பேட்டக்காரன் ஒருத்தன் நாளைக்கு வந்து எடுத்துக்கினு போறேன்றான். மேலாப்ல பாத்து அடக்கி உட்டுடு. உள்ளாறலாம் பிரிக்காத."

"பிரிக்காம சொல்றதுக்கு நான் இன்னா கிளி ஜோசியக்காரனா?"

தேவதாஸ் அவன் தோளில் கை போட்டான். "வெளியாளு கை வெக்கக் கூடாதுன்னுதான மச்சான் இங்க கொண்ணாந்தேன். நீ நம்ம ஊட்டு ஆளு."

நம்ம வீட்டு ஆள்தான். முனியனின் தம்பி பெயர் சம்பந்தம். அவனுக்குத் தன் தங்கை காந்தாவைக் கட்டிக் கொடுத்தவன் தேவதாஸ். போன ஐப்பசியில் புயல் சின்னம் என்று சொன்ன அன்றைக்கு, தேவதாஸின் படகு முகத்துவாரத்துக்கு வெளியே நின்றது. அதை ஏரிக்குள் கொண்டுவந்து கட்டச் சம்பந்தம் தனியாகப் போனான். வரவில்லை. ஊரே வடக்கே கடலில் தேடியது. தேவதாஸ் சோறு தண்ணி இல்லாமல் தேடினான், முகத்துவாரப் பக்கம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஒற்றை ஆளாய்ப் போனான். திரும்பி வந்து மணலில் முழங்கால் குத்தி உட்கார்ந்து, முனியனைக் கட்டிக்கொண்டு, "ஒரு பலகை கூட கெடைக்கல மச்சான்" என்று அழுதான். அந்த அழுகையின் ஈரம் முனியனின் சட்டையில் பட்டிருக்கிறது.

உடம்பு கிடைக்காததால் காந்தா பொட்டை அழிக்கவில்லை. அழி என்று சொல்ல ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை. தாலியும் கழுத்திலேயே கிடக்கிறது. முனியன் வீட்டில்தான் இருக்கிறாள். ராத்திரி கதவுக்குத் தாழ் போட விடமாட்டாள். தம்பிக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தால் போதும், அது எலும்பாக இருந்தாலும் அள்ளிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்துவிட்டு ஒரு நாளாவது தூங்கலாம் என்பதுதான் முனியனுக்கு இந்த ஒரு வருஷமாக இருந்த ஒரே ஆசை.

பீடி தீர்ந்தது. எஞ்சினை மறுபடி ஓடவிட்டான்.

டீசல் போகும் நாசில் பைப்பின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தான். எந்தச் சிலிண்டரில் கோளாறோ அதற்கு டீசலை அறுத்துவிட்டால் சத்தம் மாறும். எஞ்சின் நொண்டியதே தவிரத் தட்டல் மாறவில்லை. ஃபேன் பெல்ட்டைக் கழற்றினான், மாறவில்லை. கடைசியில் நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முனையை எஞ்சின் மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதுக் குழியில் அழுத்தினான். டாக்டர் குழாய் வைத்துப் பார்ப்பதுபோல இரும்புக்குள் நடப்பதையெல்லாம் இது சொல்லிவிடும். தலைப்பகுதியில் வைத்தான். வால்வுகள் ஒழுங்காகப் பேசின. கீழே இறக்கினான். கிராங்க் சீராகச் சுற்றியது. பக்கவாட்டில், சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இடத்தில் வைத்தான்.

அங்கே எஞ்சின் சத்தமே இல்லை.

ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சின், கையெல்லாம் அதிர்கிறது, காதுக்குள் மட்டும் ஒரு பெரிய அமைதி, தண்ணீருக்குள் தலையை முக்கினால் வருகிற அமைதி. அதற்குள் எங்கோ ஒரு இடத்தில் அலை மெதுவாக மோதி மோதித் திரும்புகிறது. பலகை முனகுகிறது. அப்புறம், மிகவும் கிட்டத்தில், காதுக்கும் மரப்பிடிக்கும் நடுவில் என்று சொல்லும்படியாக, தட், தட், தட்.

முனியன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றான். கல்லறை வாசலில் கட்டியிருந்த ஆடு கயிறு இறுக எட்டப் போய், ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா மாமா, வேர்த்து ஊத்துது?" காந்தா டீச் சொம்போடு வந்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல. நீ ஊட்டுக்குப் போ."

"எங்கண்ணன் வண்டி தான இது?" அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "உள்ள யாரு தட்றது?"

"எஞ்சின்தாம்மா. எஞ்சின் தட்டுது."

அவள் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

எஞ்சினை அணைத்தான். ஆறட்டும் என்று விட்டுவிட்டு, வெயில் சாயத் தொடங்கியதும் ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தான். கலங்கல் தண்ணீர் கையில் வழிந்தது. உதறினபோது உதட்டில் தெறித்தது. உப்பு. ஏரித் தண்ணியை ஊற்றியிருப்பான், கஞ்சப்பயல், என்று வாய்விட்டுத் திட்டினான். திட்டுகிற குரல் தனக்கே தெம்பாக இருந்தது.

பிரிக்காதே என்று சொல்லியிருந்தான் தேவதாஸ். முனியன் பிரித்தான்.

எஞ்சின் பக்கவாட்டில், தண்ணீர் ஓடும் அறையை அடைத்திருக்கும் வட்டத் தகர மூடியை உளி வைத்து நெம்பினான். மூடி விழுந்தது. பின்னாலேயே உப்புக் கட்டி, சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாய்ப் பாளம் பாளமாக விழுந்தது. அதற்குப் பின்னால் மணல். ஏரிச் சேறு இல்லை, கடல் மணல். அதில் நகத்தளவு கிளிஞ்சல்கள்.

ஆரம்பாக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்ற வண்டி. மீட்டரில் ஓட்டமே இல்லாத வண்டி. அதன் எஞ்சினுக்குள் கடல் ஓடியிருக்கிறது.

லாரி எஞ்சினையும் வேன் எஞ்சினையும் இறக்கிப் படகில் மாட்டுவது இங்கே புதுசில்லை. முனியனே மாட்டிக் கொடுத்திருக்கிறான். தேவதாஸின் படகுக்கு மட்டும் அவனைக் கூப்பிடவில்லை. புது எஞ்சின், கம்பெனி சீல் இருக்குது, எஞ்சினைப் பிரித்தால் காரண்டி போய்விடும் என்று தேவதாஸ் சொன்னான். முனியன் நம்பினான். சம்பந்தமும் நம்பினான்.

எஞ்சின் மேல் புதிதாக அடித்திருந்த கறுப்பு பெயின்டை உளி முனையால் சுரண்டினான். செதில் செதிலாக உதிர்ந்தது.

அடியில் கிளிப்பச்சை.

அந்தப் பச்சையை முனியன்தான் கலந்தான். பச்சையில் கொஞ்சம் மஞ்சள். படகுக்கு அடித்து மிச்சமானதை வீணாக்க மனசில்லாமல் சம்பந்தம் ராத்திரியோடு ராத்திரியாக எஞ்சினுக்கும் அடித்துவிட்டான். அவனுக்கு பிரஷ் ஆகாது. துணியைச் சுருட்டி விரலால் அழுத்தி இழுப்பான். அந்த இழுப்பு, நான்கு விரல் வரி, பச்சையில் அப்படியே காய்ந்து கிடந்தது.

எஞ்சின் இங்கே இருக்கிறது.

அப்படியானால் படகு கிடைத்திருக்கிறது.

படகு கிடைத்திருந்தால்.

முனியன் தரையில் உட்கார்ந்துவிட்டான். தோளில் போட்ட கை. மணலில் குத்திய முழங்கால். சட்டையில் பட்ட கண்ணீர். ஒவ்வொன்றாக நினைவில் வந்து, வந்த மாதிரியே கெட்டுப்போயின.

தட், தட், தட்.

எஞ்சின் அணைந்து வெகுநேரமாகிறது. இரும்பு குளிர்ந்து கிடக்கிறது.

அவன் ஸ்பேனரை எடுத்தான். பச்சை வரியின் மேல் மெதுவாக ஒரு தட்டு தட்டினான்.

ஒரு கணம் ஒன்றுமில்லை.

பிறகு தட்டல் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. நிறுத்தாமல். மூச்சு வாங்காமல். மேலும் கீழும், எல்லாப் பக்கமும். யாரோ கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டவனின் தட்டல்.

முனியன் இரண்டு கையாலும் எஞ்சினை அணைத்துப் பிடித்துக்கொண்டான். "இருடா," என்றான். "இருடா தம்பி. இருடா."

தட்டல் அடங்கியது. காத்திருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தேவதாஸ் வந்தான். கரண்ட் போயிருந்தது. ஷெட்டுக்குள் பாதி இருட்டு.

"இன்னா மச்சான், அடங்குச்சா?"

முனியன் தள்ளி நின்றான். தேவதாஸ் குனிந்தான். மணலைப் பார்த்தான். சுரண்டின இடத்தைப் பார்த்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

"பலகை கூட கெடைக்கலன்னியே," என்றான் முனியன். "எஞ்சின் மட்டும் நீச்சலடிச்சு வந்துச்சா?"

தேவதாஸ் விரலால் அந்த மணலைத் தொட்டான்.

"மொகத்தாரத்துல கவுந்து கெடந்துச்சு மச்சான்." குரல் தரையைப் பார்த்து வந்தது. "எஞ்சின் பாதில நின்னுருக்கும். கரைக்கு இழுத்துக்கினு வந்தா ஊரு எஞ்சினப் பிரிக்கும். பழைய எஞ்சின மாட்டி ஆள அனுப்பிட்டான்னு என்ன உயிரோட உடுவாங்களா?"

"சம்பந்தம்?"

"அடில மாட்டிக்கினு இருந்தான். கொஞ்சம் காத்து இருந்துருக்கும் போல."

"உசுரோடயா?"

"தட்டுனான்."

முனியன் ஒரு கையை எஞ்சின் மேல் வைத்தான்.

"நான் மேல குந்திக்கினு இருந்தேன் மச்சான். பொழுது சாயற வரைக்கும். எனக்கு மட்டும் மனசில்லயா? அப்பால நின்னுடுச்சு. நானே பலகைல காது வெச்சுப் பாத்தேன். நின்னுடுச்சு. அப்பாலதான் கயிறு கட்டிப் படகப் பொரட்டி எஞ்சின எடுத்தேன். மிச்சத்த ஆழத்துல உட்டுட்டேன்." அவன் முதல் தடவையாக நிமிர்ந்தான். முகமெல்லாம் வேர்வை. "வண்டில மாட்டுன நாள்லேந்து தூக்கம் இல்ல மச்சான். காந்தாவாண்ட சொல்லாத. இது அடங்குச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

 முனியன் கீழே கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துடைத்து, மரப்பிடியை அவன் பக்கம் நீட்டினான். தன் குரல் அவ்வளவு அன்பாக வரும் என்று அவனே நினைக்கவில்லை.

"அடங்கிடுச்சு மச்சான். சந்தேகமா இருந்தா நீயே காது வெச்சுப் பாரு."

 அந்த வார்த்தைக்காகவே ஒரு வருஷமாக அலைந்தவன் மாதிரி, தேவதாஸ் தாவி வாங்கினான். முனையை எஞ்சினில் ஊன்றினான். பிடியைக் காதில் வைத்தான். கண்ணை மூடினான்.

சத்தமே இல்லை.

"ஆமா," என்றான் தேவதாஸ். "ஆமா மச்சான்." சிரிப்பு வந்தது அவனுக்கு.

சிரிப்பின் நடுவில் இருமினான்.

வாயோரம் தண்ணீர் வழிந்தது. மறுபடி இருமினான். இன்னும் தண்ணீர். மூக்கிலிருந்து. காதிலிருந்து, மரப்பிடி வழியாக. மணல் கலந்த தண்ணீர். ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. அவன் விழவில்லை. விறைத்து நின்றான். கை அசையவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, அதன் விளிம்பு வரை தண்ணீர் தளும்பி நின்றது. கண் மட்டும் உருண்டு முனியனைத் தேடியது.

தட்.

எஞ்சினிலிருந்து இல்லை.

தட், தட்.

தேவதாஸின் சட்டை மார்புப் பக்கம் உள்ளிருந்து எழும்பி எழும்பி அடங்கியது.

வாசலில் வெளிச்சம் விழுந்தது. காந்தா அரிக்கேன் விளக்கோடு நின்றிருந்தாள். முனியனைப் பார்க்கவில்லை அவள். விளக்கைத் தரையில் வைத்தாள். மெதுவாக நடந்து வந்து அண்ணனின் நனைந்த மார்பில் காதை வைத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் கேட்டாள். அவள் முகத்தில், ஒரு வருஷமாக யாரும் பார்க்காத சிரிப்பு ஒன்று வந்தது.

"தோ, கொஞ்சம் பொறு," என்றாள். மார்பெலும்பின் மேல் விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டினாள்.

உள்ளிருந்து பதில் வந்தது. தேவதாஸின் கண் இமைத்தது.

காந்தா சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள். முனியன் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டினாள்.

"அந்த உளியக் குடு மாமா."