துரு பிடிக்காத கத்தி

கப்பலில் வந்திறங்கும் ஊர்க்காரன் எவனும் முதலில் என்னிடம்தான் வருவான். "காதர் மைதீன் காக்கா, இந்த ஊர்ல இடுப்புல என்னென்ன வச்சிக்கணும்?" என்பான். நானும் பெரிய மேதாவி மாதிரி விரல்விட்டுச் சொல்வேன். நனையாமல் மெழுகுத் துணியில் சுற்றிய தீப்பெட்டி. விரல் நீளத்துக்கு ஒரு மெழுகுவர்த்தித் துண்டு. இரண்டு முழம் சணல் கயிறு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நல்ல கத்தி. நல்ல கத்தி எது என்று மட்டும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

1909-ஆம் ஆண்டு, அடைமழை தொடங்கும் நேரத்தில், நிறைமாதமாக இருந்த என் மனைவி உம்மு சல்மாவை அழைத்துக்கொண்டு தேக்காவில் ஒரு மாடி அறைக்குக் குடிவந்தேன். பழைய வீடுதான். மாடியில் நான்கு அறைகள், நான்கு குடும்பங்கள். பின்பக்கச் சன்னலைத் திறந்தால் எருமைக் கொட்டில். பகலெல்லாம் எருமைகள் எங்கள் சுவரில் முதுகைத் தேய்க்கும். "இதுங்க தேய்க்கிறதுல வீடே விழுந்துடும் போல மச்சான்" என்று சல்மா சிரிப்பாள். அவள் சிரித்தால் கூடவே நாமும் சிரிக்க வேண்டும், அப்படிச் சிரிப்பாள்.

எனக்கு ஆற்றில் தொங்கான் என்கிற சரக்குப் படகில் வேலை. கப்பலிலிருந்து அரிசி மூட்டைகளைப் படகில் ஏற்றிக் கிட்டங்கிக்குக் கொண்டுவருவோம். வேலை முடிந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டி வீட்டுக்கு நடக்க வேண்டும். அந்த வழியில் வழிப்பறி செய்கிற சம்செங் ஆட்கள் நிற்பார்கள். ஒருநாள் மாலை ஆறு பேர் எங்களை மறித்தார்கள். கூட வந்தவன் என் கூட்டாளி ஒலி முகம்மது. நான் கத்தியை உருவினேன்.

வரவில்லை.

மழை ஈரத்தில் துருவேறி, உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் இழுத்துக்கொண்டே நின்றேன். அதற்குள் ஒலி முகம்மதின் கன்னத்தைக் காதிலிருந்து வாய்வரை கிழித்துவிட்டார்கள்.

அந்தத் தையலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வரும். துரு பிடிக்காத கத்தி ஒன்று வாங்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். கால்வாய்க்கரையில் கப்பல் சாமான் விற்கிற ஒருவன் ஒரு வெள்ளைக் கத்தியை எடுத்துக் காட்டினான். பால் மாதிரி பளபளப்பு. "பத்து வருசம் தண்ணில போட்டு வைங்க, துருவே பிடிக்காது லா" என்றான் மலாய் இழுப்போடு. வாங்கிவிட்டேன்.

அதே வாரம் மகன் பிறந்தான். பிரசவம் பார்த்த ஆமினா பீவி மாமி, "தலைமாட்டுல இரும்பு வைப்பா. நாப்பது நாளைக்கு அது அந்த இடத்த விட்டு அசையக் கூடாது" என்றார். பிள்ளை பெற்றவளிடம் எதெதுவோ நெருங்கப் பார்க்குமாம். மலாய்க்காரர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை நான் சொல்ல மாட்டேன். அப்போது எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. உதவாக்கரையான பழைய கத்தியை எண்ணெய் விட்டு உறையிலிருந்து பிடுங்கி, ஒரு துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்தேன். வீணாய்க் கிடந்த கத்திக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டேன் என்று எனக்குள் பெருமை வேறு.

பத்தொன்பதாம் நாள் காலை, படகில் மூட்டைக் கயிறு என் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. வெள்ளைக் கத்தியை உருவி அறுத்தேன். கத்தி வளைந்தது. கயிற்றில் ஒரு நார்கூட அறுபடவில்லை. பக்கத்தில் இருந்தவன் அரிவாளால் வெட்டியிருக்காவிட்டால் என் கால் போயிருக்கும்.

அவமானமும் ஆத்திரமுமாகப் பாதி வேலையில் வீட்டுக்கு வந்தேன். சல்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மார்போடு ஒட்டிப் பிள்ளை கிடந்தான். வளைந்த கத்தியைக் காலால் மிதித்து நிமிர்த்தினேன். தலையணைக்கு அடியிலிருந்து பழைய கத்தியை எடுத்துக்கொண்டு, அதே துணியில் வெள்ளைக் கத்தியைச் சுற்றி அதே இடத்தில் வைத்தேன். வருவது எதுவாக இருந்தாலும் துணியைப் பிரித்தா பார்க்கப்போகிறது என்று நினைத்தேன்.

சல்மா கண்ணைத் திறக்காமலே, "என்ன மச்சான் தேடுறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல புள்ள, தூங்கு."

அவள் அவளாகவே இருந்து என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். பதிலுக்கு நான் சொன்னது பொய்.

பழைய கத்தியைச் சாணைக்கல்லில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு, பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் திரும்பி வந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் மாடிப்படியில் ஈரமண் வாசனை. புதிதாகத் தோண்டிய குழியிலிருந்து வருகிற வாசனை. வீடே நிசப்தமாக இருந்தது. படிக்கட்டுச் சன்னல் வழியே பார்த்தேன். எருமைகள் அத்தனையும் கொட்டிலின் அந்தக் கோடியில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன.

எங்கள் சுவருக்கு முதுகைக் காட்டி.

சல்மா பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது. நான் உள்ளே கால் வைத்ததும் பிள்ளை அவள் மடியில் வீறிட்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தாள்.

"அத வெளிய வச்சிட்டு வாங்க மச்சான்."

"எத?"

"இடுப்புல இருக்கிறத."

கத்தி சட்டைக்கு உள்ளே இருந்தது.

அவள் சிரித்தாள். அன்றைக்கு அவளோடு சேர்ந்து சிரிக்க என்னால் முடியவில்லை. பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்கு ஓடினேன்.

மாமி வந்து வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்கவில்லை. என்னைத்தான் தலையணைக்கு அடியில் இருப்பதை எடுத்துவரச் சொன்னார். துணியைப் பிரித்து, வெள்ளைக் கத்தியை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார்.

"இது இரும்பு இல்லடா."

"துரு பிடிக்காதுன்னு சொன்னான் மாமி."

"துரு பிடிக்கிறதுதாண்டா இரும்பு." அவர் அதைக் கீழே போட்டார். "புள்ள பக்கத்துல பழைய கத்திய வை. அவளப் பத்தி இனிமே எங்கிட்டக் கேக்காதே."

போனவர் திரும்பவே இல்லை.

பிள்ளையை அறையின் மூலையில் கிடத்தி, அவன் தலைமாட்டில் பழைய கத்தியை வைத்தேன். கத்தியைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்ததுமே அவள் எழுந்து வெளியே போயிருந்தாள். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். சோறு வைத்தால் தொடுவதில்லை. வேலைக்குப் போவதை விட்டேன். ஆட்டுப்பாலைத் துணித்திரியில் நனைத்துப் பிள்ளையின் வாயில் பிழிந்தேன். மூலையில் கிடத்தினால் வீறிடுவான், தூக்கிக்கொண்டு நடந்தால் ஓய்வான்; பசி என்று நினைத்தேன். மற்ற மூன்று அறைக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராகச் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டார்கள். நாற்பதாம் நாள் வரை இவனைக் காப்பாற்றிவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று நாளுக்கு நூறு தரம் துஆச் செய்தேன்.

இருபத்தோரு நாளும் அவள் ஒன்றைத்தான் சொன்னாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. என் சல்மாவின் குரலிலேயே சொன்னாள்.

"புள்ளையத் தூக்கிட்டு வாங்க மச்சான்."

நாற்பதாம் நாள் விடிந்தது. பிள்ளை உயிரோடு இருந்தான். நான் சத்தம் போட்டு அழுதேன். அவனைத் தூக்கி முத்தமிட்டேன், நெஞ்சோடு அணைத்தேன். பிறகு, இனி இது வேண்டாம் என்று தலைமாட்டில் இருந்த கத்தியைக் கையில் எடுத்தேன்.

அவன் வீறிட்டான்.

கத்தியைத் தள்ளி வைத்தேன். நின்றது.

அவன் உடம்பை ஒட்டிக் கொண்டுவந்தேன். உடம்பு நீலம் பாரித்தது, மூச்சு அடைத்தது. தூரப் போட்டேன். பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். சல்மா சிரிக்கிற அதே சிரிப்பு. நாற்பது நாள் பிள்ளையின் கண்கள், தரையில் கிடந்த கத்தியை விட்டு அகலாமல் இருந்தன.

எத்தனை நாளாக இப்படி? என்றைக்கு அவன் போனான்? அந்த வெள்ளைக் கத்தி கிடந்த பகல் பொழுதிலேயே இரண்டு பேரும் போய்விட்டார்களா? தெரியவில்லை. நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் எனக்கு இருந்தது அந்த இரண்டு முகங்கள்தான். வேறு யாரும் இல்லை.

கத்தியை எடுத்துப்போய்ப் படிக்கட்டின் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

அவள் உள்ளே வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிள்ளை அழவில்லை. "இப்பத்தான் நம்ம வீடு மாதிரி இருக்கு" என்றாள். அன்றிரவு மூவரும் ஒரே பாயில் படுத்தோம். ஈரமண் வாசனை பழகிவிட்டது.

காலையில் வேலைக்குக் கிளம்பினேன். படிக்கட்டின் கீழே கத்தி கிடந்தது. குனிந்தேன். என் கை அதன் அருகில் போக மறுத்தது. பல்லெல்லாம் கூசியது. அதைத் தாண்டி நடந்தேன்.

இப்போதெல்லாம் என் இடுப்பில் எதுவும் இல்லை. கால்வாய்க்கரையில் நிற்கும் சம்செங் ஆட்கள் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்கள்.

நேற்று ஒலி முகம்மது எதிரே வந்தான். கன்னத்துத் தழும்பு ஆறியிருந்தது. கூட்டாளியைப் பார்த்த சந்தோஷத்தில், கையை நீட்டிக்கொண்டு கிட்டே போனேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், மூக்கைச் சுளித்தான், இடுப்பில் கை வைத்தான்.

அவன் கத்தி ஒரே இழுப்பில் வெளியே வந்தது.