பதினைந்தாவது கீல்

தச்சு வேலை முடிந்த அன்று அந்தச் சின்ன வீட்டுக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர்: பெரியவர், அவருடைய மகன், மருமகள், மகள், தச்சர். ஆறாவது ஆள் யாரும் இல்லை. வந்திருந்தால் நிற்க இடம் இருந்திருக்காது. பின்னால் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தச்சர் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். மரத்தூளும் சுருள் சுருளான சீவல்களும் காலிக் காகிதப் பொட்டலங்களும் துடைப்பத்தின் முன்னால் ஒரு குவியலாக நகர்ந்தன. பெரியவரின் கண் தானாக எண்ணியது. முப்பத்தொரு வருஷம் ஒரு ஆலையின் சாமான் கிடங்கைக் கட்டிக்காத்த கண் அது. கீல் வந்த பொட்டலங்கள் பதினைந்து. பட்டியலில் இருந்த மடக்குகள், அதாவது சுவருக்குள் மடங்கும் சாமான்கள், பதினான்கு.

“பதினாலு மடக்குக்கு எதுக்கு பதினஞ்சு ஜோடி கீல்?”

“ஒன்னு கூடுதலா இருக்கட்டும்னு சார்.”

“கூடுதல்னா பொட்டலம் பிரிக்காம இருக்கணுமே. இது காலியா இல்ல இருக்கு?”

தச்சர் மகளைப் பார்த்தார். மகள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் மனைவியைப் பார்த்தான். மருமகள் சன்னல் பக்கம் திரும்பி, “காத்து நல்லா வருது மாமா” என்றாள். சன்னல் மூடியிருந்தது.

பத்தடிக்கு எட்டடி. பெரிய வீட்டின் பின்புறம், துணி உலர்த்திக்கொண்டிருந்த இடத்தில், முழுக்க முழுக்கப் பலகையால் கட்டியது. இந்த யோசனையைச் சொன்னவள் மகள்தான். “உங்களுக்குன்னு ஒரு வீடு, உங்களுக்குன்னு ஒரு சாவி. யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்பா” என்றாள். பெரியவருக்கு அது பிடித்தது. யாரையும் எதிர்பார்த்து நின்ற பரம்பரை இல்லை அவருடையது. தச்சரை உட்கார வைத்துப் பட்டியலைத் தானே சொல்லி எழுதவைத்தார். கட்டில் சுவருக்குள் மடங்க வேண்டும். மேசை மடங்க வேண்டும். வருகிறவர்கள் உட்காருவதற்கு வாசல் ஓரம் ஒரு பலகை, அதுவும் மடங்க வேண்டும். கடைசியாக, கிடங்கில் நடத்திய விதியை இங்கேயும் சொன்னார்.

“நாப்பது நாள் கை படாத சாமானுக்கு எடம் கெடையாது. என் கிடங்குல அப்படித்தான். இங்கயும் அப்படித்தான்.”

தச்சர் அதையும் எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை.

குடிபோன அன்று மகன் ஒரு வேடிக்கை சொன்னான். “இந்த வீட்டுல ஒரே ஒரு கஷ்டம்பா. கோவிச்சுக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போக முடியாது.” எல்லாரும் சிரித்தார்கள். அதன்பின் மகள் புகைப்படம் எடுத்தாள். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் அப்பாவை நிறுத்தி, இரண்டு தோளையும் பிடித்துப் பலகையோடு அழுத்தினாள். “நேரா நில்லுங்கப்பா. முதுகு ஒட்டணும்.” அவள் உள்ளங்கையின் சூடு சட்டைக்குள் இறங்கியது. முதுகுக்குப் பின்னால் பலகை லேசாக உள்வாங்கி, பிறகு திரும்பி வந்தது. புது மரம் அப்படித்தான் இருக்கும் என்று பெரியவர் நினைத்துக்கொண்டார்.

முதல் வாரம் எல்லாரும் வந்தார்கள். இரண்டாவது வாரம் மகன் வாசலில் நின்றபடியே பேசிவிட்டுப் போனான். அப்புறம் சாப்பாட்டுப் பாத்திரம் மட்டும் வந்தது. மருமகள் அதைப் படியில் வைத்துவிட்டு, “மாமா, வச்சிருக்கேன்” என்று குரல் கொடுப்பாள். கதவைத் திறப்பதற்குள் அவள் முதுகு பெரிய வீட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும்.

மகள் போனில் பேசினாள். “இந்த வாரம் கண்டிப்பா வர்றேம்பா.”

“வேலை இருந்தா வராதே. இங்க யாரும் வழி பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கல.”

“சரிப்பா” என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஒரு பிற்பகலில் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எண்ணெய் வாடை வந்தது. கீலுக்குப் போடுகிற மெல்லிய எண்ணெய், சமையலறையிலோ தெருவிலோ வராத வாடை. கூடவே ஒரு சத்தம். யாரோ பல்லைக் கடித்து மெதுவாக மூச்சு விடுவது போல. நிமிர்ந்து பார்த்தார். வாசல் ஓரத்தில் உட்காரும் பலகை இல்லை. சுவரோடு சுவராக மடங்கியிருந்தது. அதை இழுக்கப் போனார். விரல் நுழைய இடுக்கு இல்லை. நகம் நுழையவும் இல்லை. கோடு இருந்த இடம் மட்டும் தெரிந்தது, ஆறிய வெட்டுக்காயத்தின் தழும்பு போல.

மருமகள் அந்தப் பலகையில் கடைசியாக எப்போது உட்கார்ந்தாள் என்று எண்ணிப் பார்த்தார். குடிபோன நான்காம் நாள். அவருடைய கணக்கில் நாற்பது ஆகவில்லை. அந்த வீட்டின் கணக்கில் ஆகியிருந்தது. யாரும் வரமாட்டார்கள் என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது போலிருந்தது.

அடுத்த சில நாட்களில் இரண்டாவது தட்டு வைக்கும் பலகை போனது. வருகிறவர்களின் குடை மாட்டும் கொக்கி போனது. பிறகு ஒரு காலை, பெரிய வீட்டைப் பார்த்த சன்னலின் கதவு மடங்கிச் சுவரானது. அந்தச் சன்னல் வழியாக அங்கிருந்து யாரும் எட்டிப் பார்த்ததில்லைதான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்த எண்ணெய் வாடை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அறை கொஞ்சம் இருட்டாகி, அவருடைய மூச்சு அவர் காதுக்கே பெரிதாகக் கேட்டது.

குடிபோன முப்பத்தாறாம் நாள் பெரியவர் தச்சரின் பட்டறைக்கு நடந்தே போனார்.

“அந்தப் பதினஞ்சாவது எது?”

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, ஆணி டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பெரியவர் சொல்லி எழுதிய அதே பட்டியல். பதினான்கு வரை தச்சரின் கோணல் எழுத்து. கீழே பதினைந்து. அது வேறு கை. சாமானின் பெயர் எழுதவில்லை, அளவு மட்டும்தான்: உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். தோள் அகலம் பதினேழு அங்குலம். எண்ணிக்கை ஒன்று.

‘ழ’வின் வாலைக் கீழே இழுத்து இடப்பக்கம் கொக்கி போட்டு நிறுத்தியிருந்தது. அந்தக் கொக்கியைப் பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார். மகளின் பிஞ்சு விரலைத் தன் கைக்குள் வைத்து, பலகையில், நூறு தடவை.

வீடு பாதி எழும்பியிருந்தபோது ஒருநாள் அவள் அளவு நாடாவோடு வந்தாள். “புது வீட்டுக்குப் புதுச் சட்டை தைக்கணும்பா, கையைத் தூக்குங்க” என்றாள். சட்டைக்கு எதற்கு உச்சந்தலையிலிருந்து பாதம் வரை அளவு என்று அவர் கேட்கவில்லை. மகள் அளவெடுக்கிற சந்தோஷத்தில் நின்றிருந்தார். சட்டை வரவில்லை. அதையும் அவர் கேட்கவில்லை.

பட்டியலின் அடியில் மூன்று கையெழுத்து. மகன், மருமகள், மகள்.

“நான் வேலைக்காரன் சார்” என்றார் தச்சர். “பட்டியல்ல இருக்கறதைத்தான் செய்வேன். விதியும் நீங்க சொன்னதுதான்.”

“எனக்குமா அந்த விதி?”

“பட்டியல்ல இருக்கற எல்லாத்துக்கும்.” அவர் குரல் தாழ்ந்தது. “வீட்டு ஆள் யாராவது ஒரு தடவை கை வச்சாப் போதும் சார். கணக்கு மறுபடியும் ஒன்னுலருந்து ஆரம்பிக்கும். போய்க் கேளுங்க.”

“பெத்த பிள்ளைங்ககிட்ட, என்னைத் தொடுன்னு போய்க் கேக்கணுமா?”

தச்சர் இழைப்புளியை மறுபடியும் கையில் எடுத்தார்.

அவரே போய் மகனின் தோளில் கை போட்டால் ஆகாதா என்று வழியெல்லாம் யோசித்தார். ஆகாது. அலமாரியிலிருந்து தானாக உருண்டு விழுந்த சாமானை எடுத்ததாகக் கணக்கு எழுதக் கூடாது. யாராவது வேண்டுமென்று கை நீட்டி எடுத்திருக்க வேண்டும். அதுவும் அவர் போட்ட விதிதான். ஒரு குமாஸ்தாவை அதற்காக வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார்.

வேறெங்காவது போய்விடலாமா? இந்த வயதில் கையில் ஒரு பையோடு தெருவில் இறங்கினால், நாலு பேர் என்னவென்று கேட்பார்கள். பிள்ளைகள் துரத்திவிட்டார்கள் என்று பேசுவார்கள். குடும்பத்தின் பெயர் சந்திக்கு வரும். அவர் சாவியைப் போட்டுத் தன் வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

முப்பத்தெட்டாம் நாள் பெரிய வீட்டின் கதவு வரை போய் நின்றார். உள்ளே மகனும் மருமகளும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகன் வெளியே வந்து, “என்னப்பா, ஏதாவது வேணுமா?” என்றான். கைகள் இரண்டும் கால்சட்டைப் பைக்குள் இருந்தன.

“ஒன்னும் வேணாம்.”

முப்பத்தொன்பதாம் நாள் மகளைப் போனில் கூப்பிட்டார். அவர் வாழ்நாளில் சொல்லாத சொல்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“வா.”

“நாளைக்கு சாயங்காலம் வர்றேம்பா.”

நாற்பதாம் நாள் காலையிலேயே அவர் குளித்துவிட்டார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். உட்காரும் பலகை இல்லாததால் கட்டிலைத் துடைத்து அவளுக்கு இடம் செய்தார். மதியம் மேசை மடங்கிக்கொண்டது. அடுப்புப் பலகை மடங்கியது. இரண்டும் நேற்றுவரை அவர் புழங்கியவை. வீடு அதற்குமேல் விதியைப் பார்க்கவில்லை. அவர் சுவரில் சாயாமல், அறையின் நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். எண்ணெய் வாடை நாக்கில் கசந்தது. வெயில் கதவிடுக்கில் மஞ்சளாகி, பிறகு செம்மையாகி மெலிந்தது.

செருப்புச் சத்தம். அவளுடைய நடைதான். குழந்தையிலிருந்தே இடது காலை லேசாக இழுத்து வைப்பாள்.

கதவு திறந்தது. அவள் வாசலிலேயே நின்றாள். பார்வை அவர் முகத்துக்கு வரவில்லை. அவர் தோளைத் தாண்டி, கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தது.

“நல்லா இருக்கீங்களாப்பா?”

அவர் வலது கையை நீட்டினார். முப்பத்தொரு வருஷம் எத்தனையோ பேர் தன் முன்னால் கை நீட்டி நின்றதைப் பார்த்தவர், முதல் தடவையாகத் தான் நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“கை ஈரமா இருக்குப்பா” என்றாள்.

ஈரமாக இல்லை.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். எப்போதுமே மரியாதை தெரிந்த பெண். இழுத்து வைக்கும் அந்த நடை படியிறங்கி, முற்றத்தைக் கடந்து, நின்றுவிட்டது.

வெளிச்சம் போயிற்று.

எண்ணெய் வாடை.

பல்லைக் கடித்து விடும் மூச்சு. முதுகுக்குப் பின்னால். அவர் சுவரை விட்டுத் தள்ளித்தான் நின்றிருந்தார். இப்போது முதுகு சுவரில் ஒட்டியிருந்தது. அவர் நகரவில்லை. சுவர் வந்திருந்தது.

தோள்களில் இரண்டு பலகை விளிம்புகள். பதினேழு அங்குலம். சரியான அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கத்தலாம். பெரிய வீட்டுக்குக் கேட்கும். அடுத்த வீட்டுக்கும் கேட்கும்.

அடுத்த வீட்டுக்கும் கேட்கும்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

முதலில் முழங்கால். பிறகு இடுப்பு. ஒவ்வொரு மூட்டிலும், மிக மெதுவாக, புதுக் கீல் திரும்பும் சத்தம்.

பெரியவர் பிள்ளைகளோடு கோபித்துக்கொண்டு எங்கோ போய்விட்டார் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். இந்தக் குடும்பத்தில் யாரும் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனதில்லை. அவர் வீட்டில்தான் இருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து ஐந்தடி ஏழு அங்குலம் வரை ஒரு கோடு ஓடுகிறது. அதில் நகம் நுழையாது. அந்த இடத்தில் மட்டும் பலகை வெதுவெதுப்பாக இருக்கும். அதில் இதுவரை யாரும் கை வைக்கவில்லை.