ஈசல்கள் விலகிய இடம்

ஈசல் கூட்டத்துக்கு நடுவில் ஓர் ஓட்டை இருந்தது.

அலுவலகத்தில் அவள் கணினித் திரையில் பறந்தவை, ஒரு படத்துக்காக அவள் நிரல் எழுதி உருவாக்கிய இருபதாயிரம் ஈசல்கள். ஒவ்வொன்றும் மற்ற அத்தனையையும் கவனித்தால் கணினி பிராணனை விட்டுவிடும் என்பதால், வீட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, உன் கட்டத்தில் இருப்பவற்றை மட்டும் பார், குறுக்கே பொருள் வந்தால் விலகு என்று அவள் விதி எழுதியிருந்தாள். சோதனைக்கு வேறு வீடு தேடச் சோம்பல்பட்டு, சொந்த வீட்டையே அளந்து உள்ளே வைத்ததுதான் அவள் செய்த பாவம். கூடமும் மகளின் கட்டிலும் அச்சு அசலாக இருந்தன.

ஓட்டை காலியான கூடத்தில், தலையும் தோளுமாய் ஆள் உயரத்துக்கு நின்றது. நிரலில் பிழை என்று நினைத்தாள். விலகும் விதியை அணைத்தாள். ஈசல்கள் சுவருக்குள் புகுந்தன, கட்டிலைத் துளைத்துக்கொண்டு போயின. ஓட்டைக்குள் மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை.

பிறகு ஓட்டை நடக்கத் தொடங்கியது. மகளின் அறைப் பக்கம்.

வீட்டிலிருந்த கணவனைக் கைபேசியில் அழைத்தாள். "என்னங்க, பாப்பா எங்க?"

"காய்ச்சல் இப்பதான் விட்டுச்சு. தூங்குறா."

"அவளத் தூக்கிட்டு உடனே வெளிய போங்க. உங்க கால்ல விழுறேன்."

"பூச்சியவே பாத்துப் பாத்து உனக்கு மண்டை குழம்பிடுச்சு. நான் கட்டில் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். இங்க ஒரு ஈ கூட இல்ல."

திரையில், அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஈசல்கள் தாராளமாகப் பறந்தன. அவன் அவற்றின் கண்ணில் படவே இல்லை.

ஓட்டை கட்டிலருகே வந்தது. குனிந்தது.

"ஐயோ, தூக்குங்க அவள!"

"கத்தாதடி. தூக்கத்துல சிரிக்கிறா, பாவம்."

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினாள். விரல் வலித்தது.

கட்டிலின் மேல் ஈசல்கள் மெல்ல ஒதுங்கின. இன்னோர் ஓட்டை. சின்னது. நாலடி உயரம்கூட இல்லை.

"ஏய்..." அவன் குரல் உடைந்தது. "ஏன் இப்படிச் சில்லுனு இருக்கா? பாப்பா... பாப்பா, கண்ணத் தொறடா..."

இரண்டும் கூடத்தைக் கடந்தன. சின்னதின் கை பெரியதின் கைக்குள். பெரியது அவசரப்படவில்லை.

வாசலில் சின்னது நின்றது. திரும்பியது.

திரையைப் பார்த்துக் கையசைத்தது.