பதினேழு வீட்டுச் சந்தும் பளபளத்த குண்டூசியும்

"நோட்டீஸைப் படிக்காதது உங்க தப்புங்கறார் அந்த ஆபீசர்" என்று சொல்லிவிட்டு அக்கா நிலஅளவையர் வீட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கடற்கரை விடுதியில் அறை துடைப்பவள். வெளியூர்க்காரர்கள் இரண்டு நாள் புரண்டுபோகும் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றியே இடுப்பு போனவள்.

"எங்க சந்து முழுசையும் குடியிருப்புப் பகுதியில இருந்து விடுதிப் பகுதியா மாத்தறாங்களாம். ஆட்சேபம் சொல்ல முப்பது நாள், அது நேத்தோட முடிஞ்சுபோச்சாம். இன்னைக்கு நாலு மணிக்குக் கூட்டத்துல முடிவு. ஆனா நேத்து சாயங்காலம் வரைக்கும் பலகையில அந்தக் காகிதமே இல்ல. பதினேழு குடும்பம் சார். இதை விட்டா எங்களுக்குக் கட்டுப்படியாகற வீடு பஸ்ல ரெண்டு மணி நேரம் தள்ளித்தான்."

ஓய்வுபெற்ற நிலஅளவையர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவருடைய மைத்துனர் அதற்குள் செருப்பை மாட்டியாகிவிட்டது.

சந்து முனைப் பலகையில் அந்த நோட்டீஸ் பழுத்துப்போய்த் தொங்கியது. மைத்துனர் முகர்ந்து பார்த்தார். "டீ வாசனை அடிக்குது மச்சான்."

"டீக்கடை எதிர்லதானே இருக்கு மாப்ளே" என்ற அளவையர், பக்கத்திலிருந்த 'வாடகைக்கு' அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரத் தேதி. அதன் குண்டூசியிலிருந்து துரு ஒழுகி எழுத்தையே தின்றிருந்தது. நோட்டீஸின் நான்கு குண்டூசிகளும் பளபளத்தன. ஊசியைப் பார்க்கவா வந்தோம் என்று மைத்துனருக்கு எரிச்சல் மண்டியது.

அடுத்து நகரமைப்பு அலுவலகம். ஜன்னல் திறக்காத ஏசி அறையில் அதிகாரி கோப்பிலிருந்து தலையே தூக்கவில்லை. "ஒட்டுறவன் அன்னைக்கே ஒட்டிட்டான். ஒட்டலன்னா அவன்தான் மறந்திருப்பான்."

நாலு மணிக்கு நகராட்சிக் கூட்டத்தில், தலைவியம்மா முன்னால், அதிகாரியும் நோட்டீஸ் ஒட்டுபவரும் விடுதி மேனேஜரும் உட்கார்ந்திருக்க, அளவையர் எழுந்தார்.

"இந்த மூணு பேர்ல ஒருத்தர் நேத்து இருட்டினப்புறம் இதைக் குத்தியிருக்கார். கடல் காத்துல ரெண்டே நாள்ல துருப்பிடிக்கற ஊசி, முப்பது நாளா பளபளக்காது. காகிதத்தைப் பழசாக்க டீயில முக்கினவர் ஊசியை மறந்துட்டார்."

"அப்ப இந்த ஒட்டுறவர்தான்" என்று மைத்துனர் முந்திக்கொண்டார்.

"அவர் பையைக் கொட்டிப் பாரு மாப்ளே."

கொட்டினார். அத்தனையும் பித்தளை ஆணி. "இரும்பைக் குத்தினா வாரத்துக்கு ரெண்டு தடவை யாரு மாத்தறது? நான் என்ன கிறுக்கனா?" என்றார் ஒட்டுபவர்.

"விடுதி மேனேஜருக்கு இதுல லாபம்தான். ஆனா கடலைப் பார்த்துக் கட்டடம் வெச்சிருக்கறவர், மாசாமாசம் ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிக்கறவர். துருவைப் பத்தி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இந்த ஊர்ல வருஷக்கணக்கா இரும்பு குண்டூசி துருப்பிடிக்காம இருக்கற ஒரே இடம் மாடியில ஒரு ஏசி ரூம். மேஜைமேல டப்பா நிறையக் குண்டூசி பார்த்தேன். அங்கயே உட்கார்ந்திருக்கறவருக்குத்தான் துரு ஞாபகம் வராது."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "நோட்டீஸ் கோப்புக்குள்ளயே இருந்துபோச்சு. திரும்பவும் முப்பது நாள் காத்திருக்கணுமேன்னு..."

"உங்களுக்கு முப்பது நாள் பெருசு. எங்களுக்கு வீடு சின்னதா?" என்றாள் அக்கா.

முடிவை நிறுத்திவைத்து, இன்றிலிருந்து முப்பது நாள் என்று தலைவியம்மா உத்தரவு போட்டார். மைத்துனர் கைதட்டப் போனார். அக்கா முகத்தில் சிரிப்பில்லை.

"போன மாசம் தண்ணி வரலன்னு மனுவுக்குக் கையெழுத்து கேட்டேன். பதினேழு வீட்டுல மூணு பேர் போட்டாங்க. அதுல ஒருத்தர் வேற தெருக்காரர்" என்று முணுமுணுத்தபடி, அதிகாரியின் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி, முதல் ஆட்சேபத்தை அங்கேயே நின்றபடி எழுதத் தொடங்கினாள்.